முருங்கைக்கீரையும் ஒரு கட்டு பீடியும்

கீழ்வேளூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களிடம் பீடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி ஒரு பதில் வரும்: "வாரத்துல மூணு நாளு வீட்டுல முருங்கைக்கீரைதான் தம்பி. அது பாத்துக்கும்." கொஞ்சம் படித்தவர் என்றால் கீரையின் இடத்தில் கிரீன் டீயும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் இருக்கும். இருவர் போடும் கணக்கும் ஒன்றுதான். புகை ஒரு பக்கம் கெடுக்கட்டும், வயிற்றுக்குள் போகிற நல்லது இன்னொரு பக்கம் அதைச் சரிக்கட்டிவிடும்.

இந்த நம்பிக்கையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1980களில் உலகின் தலைசிறந்த புற்றுநோய் ஆய்வாளர்களில் சிலரே இது உண்மையாக இருக்கக்கூடும் என்று நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். மூன்று பெரிய ஆய்வுகளில் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கினார்கள். ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் வரலாற்றில் அதைவிட அதிர்ச்சி தந்த முடிவுகள் குறைவு. அந்தக் கதைக்குப் போகுமுன், அதே சத்து நம் பக்கத்திலேயே செய்த ஒரு நல்ல காரியத்தைப் பார்த்துவிடுவோம்.

திருச்சி மாவட்டத்துக் குழந்தைகள்

கீரையிலும் கேரட்டிலும் மாம்பழத்திலும் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் பீட்டா கரோட்டின். பச்சைக் கீரையில் பச்சையம் அதை மறைத்துக்கொள்வதால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடல் தன் தேவைக்கேற்ப இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் முதலில் மாலைக்கண், அடுத்து கண் வறட்சி, கடைசியில் குருடு. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய காலத்தில், இந்தக் குறை இந்தியக் குழந்தைகளின் பெரும் சாபமாக இருந்தது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியதற்கு அந்த நிறுவனத்தின் ஆய்வுகளே அடித்தளம்.

கண்ணோடு இந்தச் சத்தின் வேலை முடிந்துவிடவில்லை. காவிரி டெல்டாவுக்கு மேற்கே, அன்றைய திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில், மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழு ஒரு ஆய்வு நடத்தியது. பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகள் அதில் இருந்தார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய்க் குழந்தையின் வாயில் மருந்தை விட்டார்கள். பாதிக் குழந்தைகளுக்கு 8,333 யூனிட் வைட்டமின் ஏ, மீதிப் பேருக்கு அது இல்லாத மருந்து. நல்ல சாப்பாடு சாப்பிட்டால் ஒரு வாரத்தில் தானாகக் கிடைக்கக்கூடிய அளவுதான் அது. ஒரு வருடம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்குப் பற்றாக்குறை இருந்தது. இல்லாததைக் கொடுத்தார்கள், இருக்க வேண்டிய அளவுக்கே கொடுத்தார்கள்.

ஆக்ஸ்போர்டில் எழுந்த கேள்வி

வைட்டமின் ஏ குறைந்தால் கெடுவது கண் மட்டும் இல்லை. 1925லேயே அமெரிக்காவில் வோல்பாக், ஹோவே என்ற இருவர் இந்தச் சத்தே இல்லாத தீனி போட்டு எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் மூச்சுக்குழாயின் உள்தோல், ஈரமும் சளியும் உள்ள மெல்லிய நிலையை இழந்து, வெளித்தோல்போல் தடித்து வறண்டது. புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயிலும் புற்றுநோய் வருவதற்குப் பல வருடம் முன்பே இதே போன்ற மாற்றம் தெரியும். ஒன்று சத்துக் குறைவால் வருவது, மற்றொன்று புகையால் வருவது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், ஒன்றுக்கான மருந்து மற்றதற்கும் ஆகாதா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதாரம் சேர்ந்துகொண்டிருந்தது. சிகாகோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த 1,954 ஆண்களை 19 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டில் கரோட்டின் அதிகம் இருந்த கால்வாசிப் பேரில் இரண்டே பேருக்கு நுரையீரல் புற்று வந்தது. மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரில் 14 பேருக்கு. 1981இல் வெளிவந்த இந்த ஆய்வு போல வேறு பல ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின. காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு, அவர்கள் புகைபிடித்தாலும்கூட, நுரையீரல் புற்று குறைவு.

அதே 1981இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் ரிச்சர்ட் டால். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் பிரிட்டனில் நிறுவியவர். இன்னொருவர் அவருடைய ஆக்ஸ்போர்டு சகா ரிச்சர்ட் பீட்டோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தமிழ்நாட்டுக்கு வருவார். உணவில் இருக்கும் பீட்டா கரோட்டின் மனிதர்களின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்பதுதான் கட்டுரையின் கேள்வி. குறைக்கும் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. கீரை சாப்பிடுகிறவர் பல விதங்களில் மற்றவரிடமிருந்து வேறுபட்டவராக இருக்கலாம், ஆகவே நேரடியாகச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள்.

காரணம் சொல்லவும் ஒரு கோட்பாடு தயாராக இருந்தது. உடலுக்குள் எலக்ட்ரான் ஜோடி உடைந்து, கிடைத்த இடத்தில் எலக்ட்ரானைப் பிடுங்கும் மூலக்கூறுகளுக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். முதுமைக்கே இவைதான் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் எழுதினார். ஒரு இழுப்பு சிகரெட் புகையில் இருக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை எண்ணினால், கோடியைக் கோடியால் பெருக்கி வரும் அளவுக்கும் மேலே போகும். தன் எலக்ட்ரானைக் கொடுத்து இவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் இந்த வகை. புகை எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, கீரை கொடுக்கிறது. கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றியது.

ஃபின்லாந்தில் வந்த தீர்ப்பு

1985இல் ஃபின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் சோதனை தொடங்கியது. அந்த நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைபிடிப்பவர்கள். சராசரியாக நாளுக்கு 20 சிகரெட், 36 வருடப் பழக்கம். நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒன்றுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு வருடம் விடாமல் நடந்தது.

1994இல் முடிவு வந்தது. வைட்டமின் ஈ நுரையீரல் புற்றை அசைக்கவே இல்லை. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்று வந்திருந்தது, எடுக்காதவர்களில் 402 பேருக்கு. குறையும் என்று எதிர்பார்த்தது 18 சதவீதம் கூடியிருந்தது. மொத்தச் சாவும் 8 சதவீதம் அதிகம்.

தற்செயலாக இருக்கலாம் என்று பலர் முதலில் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் சியாட்டிலை மையமாக வைத்து கில்பர்ட் ஓமென் தலைமையில் இன்னொரு பெரிய ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர். தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏயும். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பாகவே அதை நிறுத்தினார்கள். மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்று 28 சதவீதமும் மொத்தச் சாவு 17 சதவீதமும் அதிகமாக இருந்தன. திருச்சிக் குழந்தைக்குக் கிடைத்தது வாரத்துக்கு 8,333 யூனிட். இவர்கள் எடுத்தது அதன் மூன்று மடங்கு, அதுவும் ஒவ்வொரு நாளும்.

மூன்றாவது ஆய்வு 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்கள்மேல் நடந்தது. 12 வருடம் ஒன்று விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தும் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. இவர்களில் புகைபிடித்தவர்கள் பத்துக்கு ஒருவர் போலத்தான். கெடுதல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதுவே துப்பு. மாத்திரையோடு புகையும் சேர வேண்டியிருந்தது.

ஃபின்லாந்து ஆய்வுக்குள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தத்தைப் பார்த்தால், இயல்பாகவே கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் புற்று குறைவாகவே வந்திருந்தது. அதாவது சிகாகோவில் பார்த்தது பொய்யில்லை. சாப்பாட்டு வழியாக வந்த கரோட்டின் குறைவான நோயோடு சேர்ந்து நின்றது. அதே ஆட்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நோய் கூடியது. இந்த முரணை அவிழ்த்தால்தான் விஷயம் விளங்கும்.

கீரை எதற்குச் சாட்சி?

கீரை அதிகம் சாப்பிடும் பீடிக்காரர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் சமைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பெரும்பாலும் குறைவாகக் குடிப்பவர், கொஞ்சம் குறைவாகவே புகைப்பவர். நாளுக்கு ஒரு கட்டு முடிப்பவருக்குப் பசி மந்தப்படும், டீயும் பீடியுமாகப் பொழுது போகும். புகை ரத்தத்தில் இருக்கும் கரோட்டினையும் வைட்டமின் சியையும் தின்று தீர்க்கவும் செய்யும். ஆகவே ரத்தத்தில் கரோட்டின் அதிகம் என்றால், அவர் மொத்தத்தில் குறைவாகப் புகைக்கிறார் என்பதற்கும் அது அடையாளம். கேள்வித்தாளில் நாளுக்குப் பத்து பீடி என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலும், ஒருவர் அடிவரை ஆழமாக இழுப்பார், மற்றவர் பாதியில் போட்டுவிடுவார். எண்ணிக்கையில் சிக்காத இந்த வேறுபாடு கரோட்டின் அளவில் சிக்கிக்கொள்கிறது.

இன்னொன்று, கீரையில் கரோட்டின் தனியாக இல்லை. நூற்றுக்கணக்கான பொருள்களும் நாரும் சேர்ந்து வருகின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்து அதுதான் காத்தது என்று சொன்னது அவசரம்.

அளவையும் பார்க்கலாம். கோபாலனும் சகாக்களும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், 100 கிராம் கறிவேப்பிலையில் 7,560 மைக்ரோகிராம் கரோட்டின். முருங்கைக்கீரையில் 6,780, அகத்தியில் 5,400, கேரட்டில் 1,890. ஊர்ப்பட்ட விளம்பரம் வாங்கிய கேரட்டை நம் கொல்லைப்புற முருங்கை மூன்று மடங்குக்கு மேல் முந்துகிறது. ஆனாலும் கீரையில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. இலையின் செல் சுவருக்குள் சிக்கிக் கிடப்பதால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். எண்ணெயில் கரைத்த மாத்திரையிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் வைட்டமின் ஏ, அதே எடை உணவுக் கரோட்டினிலிருந்து கிடைப்பதைப் போல ஆறு மடங்கு என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் ஃபின்லாந்துக்காரர்கள் தினமும் விழுங்கிய 20 மில்லிகிராமுக்கு ஈடாக, உருவிய முருங்கை இலை ஒன்றே முக்கால் கிலோவை ஒரே நாளில் சாப்பிட வேண்டும். ஆடுகூட யோசிக்கும். அவர்கள் ரத்தத்தில் கரோட்டின் சுமார் 17 மடங்கு உயர்ந்தது. எந்தச் சமையலறையாலும் எந்த நுரையீரலையும் அந்த நிலைக்குக் கொண்டுபோக முடியாது.

நுரையீரலுக்குள் நடந்தது

மாத்திரை ஏன் கெடுத்தது என்பதை அறியப் பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கீரிப்பிள்ளை ஜாடையில் இருக்கும் ஃபெரெட் என்ற விலங்கை எடுத்துக்கொண்டார்கள். எலியின் குடல் கரோட்டினை உடனே உடைத்துவிடும். ஃபெரெட் மனிதனைப்போல் அதில் ஒரு பகுதியை முழுதாகவே ரத்தத்துக்கு அனுப்பும். 1999இல் வெளியான அவர்கள் ஆய்வில், மனிதனுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவுக்கு ஈடான கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்தபோது, மூச்சுக்குழாய்ப் பகுதியின் உள்தோல் தடித்தது. எந்த மாற்றத்தைத் தடுக்கக் கரோட்டின் கொடுக்கப்பட்டதோ அதே மாற்றம். புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. அந்தச் சிதைவுகள் செல்லின் என்சைம்களைக் கிளப்பிவிட, செல் கட்டுப்பாடாக வளர உதவும் ரெட்டினாயிக் அமிலம் குறைந்துபோகிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் கூடுகின்றன. மனிதனுக்கு 6 மில்லிகிராம் என்ற அளவுக்கு ஈடாக, சாப்பாட்டில் கிடைப்பதை ஒட்டிய அளவில் கொடுத்தபோது இந்தக் கெடுதல் இல்லை. சிறிது பாதுகாப்புகூடத் தெரிந்தது.

ஸ்வீடனில் மார்ட்டின் பெர்யோவின் குழு வேறொரு கேள்வி கேட்டது. ஏற்கனவே கண்ணுக்குத் தெரியாத அளவில் கட்டி இருந்தால் ஆன்டிஆக்சிடன்ட் என்ன செய்யும்? நுரையீரலில் கட்டி வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு வைட்டமின் ஈயும், சளி இளக மருத்துவர்கள் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீனும் கொடுத்தார்கள். கட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலிகளின் ஆயுள் பாதியானது. 2014இல் வந்த இந்த முடிவுக்கு அவர்கள் கண்ட காரணம் இது. புற்றுச் செல்லுக்குள்ளும் ஃப்ரீ ராடிக்கல் சேரும். அளவு மீறினால் பி53 என்ற மரபணு விழித்துக்கொண்டு செல்லின் பெருக்கத்தை நிறுத்தும். ஆன்டிஆக்சிடன்ட் வந்து ஃப்ரீ ராடிக்கலைத் துடைத்துவிட்டால் பி53க்குத் தகவலே போகாது. களையெடுக்காத வயலில் உரம் போட்டால் முதலில் தழைப்பது களைதான். முப்பது வருடம் புகைத்தவரின் நுரையீரலில் இப்படிப்பட்ட களை முளைவிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு அடிப்படை விஷயம். புகையின் நஞ்சு எல்லாம் ஃப்ரீ ராடிக்கல் வழியாகவே வேலை செய்வதில்லை. புகையிலை எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன், உடலுக்குள் மாற்றம் அடைந்து மரபணுவின் எழுத்துகளில் ஒன்றான குவானினோடு நேரடியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் எழுத்து மாறிப் படிக்கப்படுகிறது. காவல் வேலை பார்க்கும் பி53 மரபணுவிலேயே இது எந்தெந்த இடத்தில் ஒட்டுகிறதோ, அந்த இடங்களில்தான் புகைபிடிப்பவரின் நுரையீரல் புற்றில் அதிகமான பிழைகள் இருக்கின்றன என்பதை 1996இல் கண்டார்கள். எலக்ட்ரான் தானம் செய்கிற கீரைக்கும் மாத்திரைக்கும் இந்த ஒட்டலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெற்றிலைச் செல்லம்

டெல்டாவில் புகையிலை நெருப்பில்லாமலும் உள்ளே போகிறது. கீழ்வேளூர் இருக்கும் நாகை மாவட்டத்திலேயே வேதாரண்யம் பக்கத்து மணல் நிலத்தில் மெல்லும் புகையிலை பயிராகிறது. கும்பகோணத்து வெற்றிலையும் சீவலும் ஊரறிந்தவை. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படருவதே கரோட்டின் நிறைந்த அகத்தி மரத்தின் மேல்தான். வெற்றிலை பச்சிலையாயிற்றே, அதிலும் ஆன்டிஆக்சிடன்ட் உண்டே என்று சொல்பவர்கள், உள்ளே மடித்து வைப்பதை மறந்துவிடுகிறார்கள். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் அறிவித்துவிட்டது.

வாய்ப்புற்றுக்கு முன்னோடியான வெள்ளைத் திட்டுகளை இந்தச் சத்துகளால் போக்க முடியுமா என்று கேரளத்தில் சோதித்தார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 160 பேர். ஒரு வருடம் மருந்து சாப்பிட்டதில், வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குத் திட்டு முழுதாக மறைந்தது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு. வெறும் மாத்திரையில் 10 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் மருந்தை நிறுத்தியதும், குணமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திட்டு திரும்ப வந்துவிட்டது. சத்து மறைத்து வைத்ததைப் பழக்கம் மறுபடி எழுப்பிவிட்டது.

சீனாவின் லின்ஷியான் பகுதியில் நடந்து 1993இல் வெளியான ஆய்வையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். சத்துக்குறைவுள்ள மக்களிடையே பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் மிதமான அளவில் சேர்த்துக் கொடுத்ததில் வயிற்றுப் புற்றால் சாவு 21 சதவீதம் குறைந்தது. திருச்சியும் லின்ஷியானும் ஒரு பக்கம், ஃபின்லாந்தும் சியாட்டிலும் மறு பக்கம். குறையை நிரப்பினால் உயிர் பிழைக்கிறது. நிரம்பிய உடலில், அதுவும் புகை நிறைந்த நுரையீரலில், மேலும் கொட்டினால் கெடுகிறது.

பீட்டோ தமிழ்நாட்டுக்கு வந்தது

1981இல் கரோட்டின் கேள்வியை எழுப்பிய ரிச்சர்ட் பீட்டோவின் பெயர், 2003இல் லான்செட் இதழில் வந்த வேறொரு கட்டுரையில் இருக்கிறது. அதை முன்னின்று நடத்தியவர் சென்னையின் டாக்டர் வி. கஜலட்சுமி. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 1990களில் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளைத் தேடிப்போய், அவர்கள் புகைபிடித்தார்களா என்று கேட்டார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களிடமும் அதையே கேட்டு ஒப்பிட்டார்கள். மாத்திரையும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. வாசல் வாசலாக ஏறி இறங்கிய வேலை.

நடுவயதில் புகைபிடிப்பவரின் சாவு விகிதம் பிடிக்காதவரைப்போல் இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய செய்தி காசநோய். புகைபிடிப்பவர் காசநோயால் சாவது நாலு மடங்குக்கும் மேல். மேல்நாட்டில் புகை என்றதும் நுரையீரல் புற்றும் மாரடைப்பும் நினைவுக்கு வரும். இங்கே காசநோயும் வரிசையில் முன்னால் வந்து நிற்கிறது. புற்று வளர்வதற்கு எடுத்துக்கொள்ளும் வருடங்களைக் காசநோய் கொடுப்பதில்லை. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை புற்றைத் தடுத்திருந்தால்கூட, நம் ஊர்ப் பீடிக்காரரைக் கொல்லும் நோய்களில் ஒன்றைத்தான் தொட்டிருக்கும்.

பீடி இலையில் சுற்றியது, இயற்கையானது என்று ஒரு நினைப்பு உண்டு. உள்ளே இருக்கும் தூள் சிகரெட்டைவிடக் குறைவுதான். ஆனால் பீடி இலை காற்றை உள்ளே விடாது. அணைந்துபோகாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன. 2008இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக 6 வருட ஆயுளை இழக்கிறார், சிகரெட் பிடிப்பவர் 10 வருடம், பீடி பிடிக்கும் பெண் 8 வருடம்.

கீரை எதற்கு, மாத்திரை யாருக்கு

புகைபிடிப்பவர் கீரையே சாப்பிட வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மற்றவர்களைவிட அவருக்குத்தான் அது அதிகம் தேவை. அமெரிக்க நிபுணர்கள் புகைபிடிப்பவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் வைட்டமின் சி கூடுதலாகப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு துண்டு கொய்யாவிலேயே அது கிடைத்துவிடும். காயும் பழமும் சாப்பிடும் புகைப்பழக்கக்காரர்களுக்கு நுரையீரல் புற்று சற்றுக் குறையலாம் என்பதற்கு இன்றும் ஓரளவு சான்று உண்டு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் அந்தச் சான்றை வலுவற்றது என்றும், அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவருக்குப் புற்றைக் கூட்டும் என்பதற்கான சான்றை வலுவானது என்றும் தரம் பிரிக்கிறது.

மாத்திரை விஷயத்தில் புகைபிடிப்பவரும் விட்டவரும் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வயதானவர்களின் விழித்திரைத் தேய்வுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் முன்பு பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் நுரையீரல் புற்று வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் புகையை எப்போதோ விட்டவர்கள். அதன்பின் அந்த இடத்துக்கு லூட்டீன் என்ற வேறொரு சத்து வந்தது. கண் மருத்துவரிடம் போகும்போது "முன்னே பீடி குடிச்சேங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஃபின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய பின் அந்தக் கூடுதல் ஆபத்து நான்கிலிருந்து ஆறு வருடத்துக்குள் மறைந்துபோனது. ஆகவே இதுவரை எடுத்தவர் இப்போது நிறுத்தினாலும் பலன் உண்டு.

புகையை நிறுத்தினால் கிடைக்கும் பலன் இதைவிடப் பல மடங்கு பெரியது. இதற்கும் கணக்குச் சொன்னவர்கள் அதே டாலும் பீட்டோவும்தான். பிரிட்டிஷ் ஆண்களில் விடாமல் புகைப்பவருக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு 16 சதவீதம். 60 வயதில் விட்டால் 10, 50இல் விட்டால் 6, 40இல் விட்டால் 3, 30இல் விட்டால் 2 சதவீதம். எந்த மாத்திரையாலும் எட்ட முடியாத இறக்கம் இது. அறுபதில் விட்டாலும் சராசரியாக 3 வருட ஆயுள் மிச்சம், முப்பதில் விட்டால் 10 வருடம். காசநோயும் மாரடைப்பும் குறைவது தனி லாபம்.

விடுவது சுலபம் என்று சொன்னால் பீடி பிடிக்கிறவர் சிரிப்பார். நிகோட்டின் பிடி அப்படி. அதற்கு மருந்தும் உண்டு, நிகோட்டின் சூயிங்கமும் உண்டு, 1800 11 2356 என்ற எண்ணில் தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையமும் உண்டு. அழைக்கக் காசு வேண்டாம். முதல் தடவையிலேயே விட்டவர்கள் குறைவு. பல தடவை முயன்று விட்டவர்களே அதிகம். நுரையீரல் புற்றைத் தடுக்கச் சாப்பிட வேண்டியது என்ன என்ற கேள்விக்கு, 70,000 பேரை வைத்துத் தேடிய பிறகும் எந்தச் சத்தின் பெயரும் விடையாகக் கிடைக்கவில்லை. புகைபிடிப்பவருக்குப் புற்றைக் குறைக்கும் என்று நிரூபணமான வழி புகையை நிறுத்துவதுதான். அதற்குச் சத்து மாத்திரையும் வேண்டாம், பீடிக் காசும் மிச்சம்.